முகம் காட்டாத பதினேழு வருடம்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "சார் எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டால், "பெங்களூர்ல ஒரு லேப்" என்று சொல்லிவிட்டு ரசக்காரனைப் பார்த்துக் கை காட்டிவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் ஊர் கோரமண்டலில் எனக்குப் பட்டப் பெயரே 'கொரங்கு தனபால்'. விடியற்கால ரயிலில் என்னோடு பெங்களூருக்கு வருகிற கூட்டம் முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் கேட்டது.

"இன்னா தனபாலு, பங்காளிங்கல்லாம் சௌக்கியமா?"

"ஒன்னத்தான் கேட்டுதுங்க. எப்ப வருவான்னு."

இந்தப் பதிலையும் நான் மாற்றியதில்லை. மாற்றியிருந்தால் அவர்களுக்கு வருத்தமாகியிருக்கும்.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. இதையெல்லாம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. போன மாதம் ஒரு போன் வந்தது. "அங்கிள், நான் டாக்டர் ஸ்வாதி. நீங்க ரிட்டயர் ஆனப்புறம் ஜாயின் பண்ணேன். நம்ம குரங்கு செக்ஷனை மூடறாங்க அங்கிள்" என்றது ஒரு பெண் குரல். இனிமேல் கண்ணாடித் தட்டில் வளர்க்கிற செல்லிலும் கம்ப்யூட்டரிலும்தான் ஆராய்ச்சியாம். மிச்சமிருக்கிற கிழட்டுக் குரங்குகளைக் காட்டோரத்தில் உள்ள ஒரு காப்பகத்துக்கு அனுப்புகிறார்கள். எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன, ஒன்று மட்டும் போகவில்லை.

"மயக்க ஊசி போடலாம் அங்கிள். ஆனா ரொம்ப வயசாயிடுச்சு, ஹார்ட் தாங்குமான்னு பயமா இருக்கு. தனபால் சார் வந்தா போகும்னு பழைய ஸ்டாஃப் சொன்னாங்க. நம்பர் நூத்திப் பதினெட்டு."

நம்பரைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை ரயிலில் வருகிறேன் என்றேன். அந்த நூற்றுப் பதினெட்டின் தாயைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அவளைக் கொன்றதில் எனக்குப் பங்கு உண்டு.

எங்கள் நைனா நந்திதுர்க் மைனில் பாறையைத் துளைக்கும் ட்ரில் மெஷின் பிடித்தவர். நான் மைனுக்குப் போகக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். பியூசியோடு படிப்பை நிறுத்திவிட்டு, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, இருபத்தேழாவது வயதில் அந்த லேபின் மிருக அறையில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கூண்டு கழுவினேன், தீனி நிறுத்துப் போட்டேன், மூன்று முறை கடி வாங்கினேன். அதற்குப் பிறகு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்து டெக்னீஷியன் ஆக்கினார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

எங்கள் தலைவர் டாக்டர் நாகரத்னா. மைசூர்க்காரர், கால்நடை மருத்துவர். தமிழைக் கன்னட வாயால் பேசுவார். குரங்கு அறைக்குள் நுழையும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வலது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கதவை இரண்டு முறை தட்டுவார். உள்ளே இருப்பது முழுக்கக் குரங்குகள், யார் "வாங்க" என்று சொல்லப் போகிறார்கள்? சேர்ந்த புதிதில் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். "அது அவங்க வீடு தனபால். திடீர்னு போனா திடுக்குனு ஆகும்" என்றார். பிறகு எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் என் வீட்டுக் கதவையே தட்டிவிட்டுத்தான் நுழைகிறேன். சாந்தி தலையில் அடித்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஆராய்ச்சி முடிந்து ஒரு மிருகத்தை முடிக்க வேண்டி வந்தால் மற்ற லேபுகளில் 'சாக்ரிஃபைஸ்' என்று எழுதுவார்கள். மேடம் எழுத விட மாட்டார். "பலின்னா சாமிக்குக் கொடுக்கணும், இல்லன்னா அதுவே வந்து கழுத்தைக் கொடுக்கணும். நாம கொல்றோம். கொன்றோம்னு எழுது." ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருக்கும். எழுதும்போது கை கனக்கும். அதற்காகவே எழுத வைத்தார் என்று நினைக்கிறேன்.

அப்போது நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சி, கர்ப்பக் காலத்தில் தாய்க்கு இரத்தம் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி என்ன ஆகிறது என்பது. எங்கள் பக்கத்துத் தெருக்களிலேயே வெளுத்த முகத்தோடு எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்திருக்கிறேன். பெண்களைப் போலவே மாதா மாதம் தூரமாகி, ஒற்றைப் பிள்ளை பெறுகிற மிருகம் என்பதால் குரங்கு. அதுவும் நம்மூர் நாட்டுக் குரங்கு, தலைமுடியை நடுவகிடு எடுத்துச் சீவிவிட்ட மாதிரி இருக்குமே, அது. அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் எழுபத்து மூன்று. பெயர் வைக்கக் கூடாது என்பது விதி, நாங்களும் வைக்கவில்லை. ஆனால் ஒரு நம்பரைத் தினமும் கூப்பிட்டால் அதுவும் பெயராகத்தான் ஆகிவிடுகிறது.

வாரம் ஒரு முறை அவளிடம் இரத்தம் எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு கூண்டு உண்டு. பின்பக்கச் சுவரை ஒரு கைப்பிடியால் இழுத்தால் சுவர் முன்னால் நகர்ந்து, குரங்கை முன் கம்பியோடு ஒடுக்கிப் பிடிக்கும். ஒருவர் காலை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஊசி போடுவார். அது கத்தும் கத்தலில் அறை முழுவதும் கத்தும். பயத்தில் அங்கேயே கழிந்துவிடும். "பயந்த ரத்தம் பொய் சொல்லும். கணக்கெல்லாம் தப்பாகும். அதுவே கையைக் கொடுக்கிற மாதிரி பழக்கேன் பாப்போம்" என்றார் மேடம்.

நான்கு மாதம் ஆயிற்று. முதலில் கூண்டின் கம்பி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் ஒரு வேர்க்கடலை. பிறகு வெளியே பொருத்தியிருக்கும் இரும்புத் தண்டைப் பிடித்தால்தான் கடலை. பிறகு பிடித்த கையை நான் தொடுவேன். பிறகு முனை மழுங்கிய சிரிஞ்சால் தடவுவேன். கடைசியில்தான் நிஜ ஊசி. தண்டைப் பிடிப்பது வரை சீக்கிரம் வந்துவிட்டாள், தொட விடவில்லை. ஏன் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. வாயையும் மூக்கையும் மாஸ்க் மூடிவிட்டால் என் முகத்தில் மிச்சம் இரண்டு கண்கள்தான். குரங்குச் சாதியில் கண்ணை மட்டும் காட்டினால் அது முறைப்பு. சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை, அறையில் யாரும் இல்லாதபோது, மாஸ்க்கை முகவாய்க்குக் கீழே இறக்கினேன். குரங்குகள் ஒன்றுக்கொன்று அன்பு காட்ட உதட்டை வேகமாகச் சேர்த்துச் சேர்த்துப் பிரிக்கும், பப்பப்பப்ப என்று. நானும் அப்படிச் செய்தேன். எழுபத்து மூன்று தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் உதட்டைத் தட்டினாள். கையை நீட்டித் தண்டைப் பிடித்தாள். நான் தொட்டேன், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு பெருமை. வெளியூர் டாக்டர்கள் வந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வரும் நாட்களில் மாஸ்க்கைக் கடைசி நேரத்தில் ஏற்றிக்கொள்வேன். அதற்குள் அவள் தண்டைப் பிடித்திருப்பாள். மாஸ்க் விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மாஸ்க் எதற்கு என்றால், பலர் நினைப்பது போல நமக்குக் குரங்கிடமிருந்து நோய் வராமல் இருக்க மட்டும் இல்லை. நம் டிபி குரங்குக்குப் போனால் நெருப்பு மாதிரி பரவும். ஒன்றுக்கு வந்தால் அந்த வீடே போய்விடும். அதனால் எங்களுக்கு வருடா வருடம் எக்ஸ்ரே. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஃபார்ம். அதில் ஒரு கேள்வி: வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சத்தியமாகப் பொய் என்று நினைத்து எழுதவில்லை. எங்கள் நைனா பதினைந்து வருடமாக இருமிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எங்கள் ஊரில் அதை யாரும் இருமல் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மைன். பாறைத் தூசி தின்ற நெஞ்சு அப்படித்தான் இருமும். கோரமண்டலில் எந்தத் தெருவில் நடந்தாலும் காலையில் வீட்டுக்கு வீடு அந்தச் சத்தம் கேட்கும். பால்காரன் மணியடிப்பதை யாராவது நோய் என்பார்களா? அப்படித்தான் அதுவும். தலை நரைத்திருக்கிறது, காது மந்தம், மைன் இருமல் இருக்கிறது என்று சொல்வார்கள், அவ்வளவுதான்.

மைன் மூடி ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எழுபத்து மூன்று ஒரு பெண் குட்டி போட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. வழக்கமான டிபி பரிசோதனை வந்தது. குரங்குக்கு அதை மேல் இமையில் செய்வார்கள். லேசாக மயக்கி, முடி மாதிரி ஊசியால் இமைத் தோலுக்குள் ஒரு சொட்டு மருந்து. இமையில் ஏன் என்றால், கூண்டுக்கு வெளியே நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் கழித்துப் பார்க்க வேண்டும். இமை சாதாரணமாக இருந்தால் நல்லது. வீங்கித் தொங்கினால் டிபி.

மூன்றாம் நாள் காலை மேடம் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். எழுபத்து மூன்றின் முன்னால் நின்றவர் நகரவில்லை. அவளுடைய வலது கண் பாதி மூடிக் கிடந்தது. குட்டி அவள் வயிற்றில் தொங்கியபடி அந்த இமையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியத்துக்குள் எங்கள் எல்லாருக்கும் எக்ஸ்ரே. என் படத்தை மேடம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது பக்கம் மேலே பஞ்சு ஒட்டிய மாதிரி ஒரு திட்டு. பத்து மாதத்துக்கு முன் எடுத்ததில் அது இல்லை. எனக்கு இரண்டு மாதமாக லேசான இருமல் இருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். ரயில் தூசி என்று விட்டிருந்தேன்.

"வீட்ல யாருக்கு இருமல்?" என்றார் மேடம்.

"யாருக்கும் இல்ல மேடம்."

"யோசிச்சு சொல்லு."

"எங்க நைனா இருமுவாரு. அது மைன் இருமல் மேடம். எங்க ஊர்ல எல்லாருக்கும் இருக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எஷ்டு வருஷமா?"

"பதினஞ்சு வருஷமா."

"ஃபார்ம்ல?"

"இல்லைன்னு எழுதினேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். "தூசி தின்ன நெஞ்சுக்குள்ள டிபி ஈஸியா நுழையும் தனபால். உங்க ஊர் ஆஸ்பத்திரில சொல்லலையா?"

சொன்னார்கள். சளியைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி டப்பாவும் கொடுத்தார்கள். நைனா அந்த டப்பாவில் மூக்குப்பொடி போட்டு வைத்துக்கொண்டார்.

எப்படியும் வேலை போகப் போகிறது, இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணு மேடம். எழுபத்து மூணு முன்னாடி நான் மாஸ்க் போடறதில்ல."

"தெரியும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கதவுக் கண்ணாடில நாலஞ்சு தடவை பாத்திருக்கேன். எவ்ளோ சந்தோஷமா கை நீட்டுது, இருக்கட்டும்னு விட்டுட்டேன். உன் தப்பு ஒண்ணு, என் தப்பு ஒண்ணு. ரிப்போர்ட்ல ரெண்டு பேர் பேரையும் எழுதறேன்." அப்படியே எழுதினார். எனக்கு ஒரு மெமோ வந்தது, அவருக்கும் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு வர வேண்டியிருந்த ஒரு பதவி வரவில்லை. அது இதனால்தானா என்று ஒரு முறை கேட்டேன். "வேலையைப் பாரு" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது நைனா வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் மகள் கவிதா. நாலு வயது. எங்களுக்கு வெகு காலம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. அவர் இருமும்போதெல்லாம் அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பாள். நான் கத்திய கத்தலில் சாந்தி உள்ளேயிருந்து ஓடிவந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். நைனாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாடா சொல்ற? டிபியா? எனக்கா? முப்பது வருஷம் ட்ரில்லு புடிச்சவன்டா நானு. இது மைனு. கம்பெனி டாக்டரே எழுதிக் குட்துக்கிறான்."

"மைனும் கீது நைனா. அதுக்கு மேல இதுவும் வந்துக்குது."

"எவனாவது வெளிய கேட்டா இன்னா நெனைப்பான்? நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு மாப்ள வருவானாடா?"

அவருடைய பயம் அதுதான். மைன் தூசி என்றால் உழைத்தவன் என்று பெயர். டிபி என்றால் எங்கள் தெருவில் தம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். சாந்தி "மாமா, ஒரு தபா டெஸ்ட் பண்ணிக்கலாம் மாமா" என்று கெஞ்சினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த வீங்கிய இமைதான் கண்ணில் நின்றது.

"லேப்ல ஒரு கொரங்குக்கு வந்துக்குது நைனா. என்னாலதான் வந்துக்குது. எனக்கு உன்னாண்ட இருந்து. அந்தக் கொரங்கு எந்த மைன்ல நைனா வேலை செஞ்சிது?"

நைனா ஒரு முறை இருமினார், பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் வாயைப் பொத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அதுக்குக் கொழந்த கீதா?" என்று கேட்டார்.

"கீது. பொட்டப்புள்ள."

மறுநாள் காலை மூக்குப்பொடியைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி, என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் அந்த டப்பா உதவாது என்று புது டப்பா கொடுத்தார்கள். சளியில் கிருமி இருந்தது. கவிதாவுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்ததில் தடித்தது, ஆனால் எக்ஸ்ரே சுத்தம். கிருமி உள்ளே போய்விட்டது, இன்னும் நோயாகவில்லை, ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால் ஆகாது என்றார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார். சாந்தி "வேணாம் சார், சொல்லாதீங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்து லீவு லெட்டர் கொடுக்க லேபுக்குப் போனேன். கட்டடத்துக்குள் போக எனக்கு அனுமதி இல்லை, வெளியே மரத்தடியில் நின்றேன். மேடம் வந்தார். தூரத்தில் நின்றபடியே கேட்டேன்.

"எனக்கு மாத்திரை குடுத்தா சரியாவும்னீங்க. அதுக்கும் குடுங்க மேடம். நான் காசு போட்டு வாங்கியாறேன்."

"பேட தனபால், பேட." வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "மாத்திரை கொடுத்தா டெஸ்ட்ல தெரியாம உள்ள ஒளிஞ்சுக்கும். அங்க இன்னும் அறுவது பேர் இருக்காங்க. உனக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயம்தான். இது சரின்னு நான் சொல்லல." கட்டடத்துப் பக்கம் கை காட்டினார். "அவளைத் தனி ரூம்ல வெச்சிருக்கோம். யாருக்கும் கை நீட்டல. ஒடுக்கற கூண்டுல போட்டு, குட்டி கத்த, அவ கத்த... எனக்கு மனசு வரல. அந்த ரூமுக்கு வெளிப்பக்கம் கண்ணாடி ஜன்னல் இருக்கு. நீ வெளிய நில்லு. மாஸ்க்கை இறக்கு."

அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம், அவர் வற்புறுத்தியிருக்க மாட்டார். ஆனால் அவள் சுவரோடு ஒடுக்கப்பட்டுக் கத்துவதை என்னால் நினைக்க முடியவில்லை. சரி என்றேன்.

கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய் ஜன்னலில் நின்றேன். எழுபத்து மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கதவு இரண்டு முறை தட்டப்படுவது கண்ணாடிக்கு வெளியே எனக்கே கேட்டது. அன்றைக்கும் தட்டினார். உடம்பு முழுக்க மூடிய உடுப்பில் மேடம் உள்ளே வந்து இரும்புத் தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுபத்து மூன்று பின்வாங்கினாள். அப்போது நான் மாஸ்க்கை இறக்கினேன். உதட்டைத் தட்டினேன்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். வீங்காத ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள். குட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். உதட்டைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மற்றக் கையைக் கூண்டுக் கம்பி வழியாக நீட்டித் தண்டைப் பிடித்துக்கொண்டாள். மேடம் மயக்க ஊசியைப் போட்டார். அவள் கையை இழுக்கவே இல்லை. நான் உதட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் தலை சாய்ந்தது, மேடம் குட்டியின் விரல்களை ஒவ்வொன்றாக அவள் முடியிலிருந்து பிரித்து எடுத்துக் கதவருகே நின்ற உதவியாளிடம் கொடுத்தார், இரண்டாவது ஊசியைப் போட்டார், நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். நான் அப்போதும் நிறுத்தவில்லை. மேடம் என்னைப் பார்த்துக் கையை உயர்த்திய பிறகுதான் நிறுத்தினேன். அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

ரிஜிஸ்டரில் அன்று மேடமே எழுதினார்: கொன்றோம்.

ஆறு மாதம் மாத்திரை. மூத்திரம் ஆரஞ்சு கலரில் போவதைப் பார்த்து நைனா "இன்னாடா, சாராயம் காய்ச்சலாம் போலக்கீதே" என்பார். அவருக்கு மாத்திரை இன்னும் சில மாதம் கூடுதலாக நடந்தது. மைன் இருமல் கடைசி வரை இருந்தது, டிபி போய்விட்டது. அதன்பின் ஆறு வருடம் உயிரோடு இருந்தார். தெருவில் யாராவது இருமினால் கூப்பிட்டு வைத்து, "டப்பாவுல துப்பிக் குட்துட்டு வாடா. கொரங்கு கூட மைன்ல வேல செய்யாமலே இருமுது" என்பார். கேட்டவனுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் போய்விடுவான்.

அங்கே குட்டியைத் தனியாக வைத்துப் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இமையில் ஊசி. ஐந்து முறை சுத்தம் என்று வந்தால்தான் கூட்டத்தில் சேர்ப்பார்கள். இங்கே கவிதாவுக்கு நான் தேனில் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்துக்கொண்டே, அங்கே இன்று எத்தனையாவது ஊசி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதும் சுத்தம் என்று மேடம் எங்கள் எதிர்க் கடைக்குப் போன் செய்து சொன்னார். குட்டிக்கு நூற்றுப் பதினெட்டு என்று நம்பர் போட்டார்கள்.

நான் வேலைக்குத் திரும்பியபோது ஒரு முடிவோடு போனேன். எந்தக் குரங்குக்கும் இனி என் முகத்தைக் காட்டுவதில்லை. நூற்றுப் பதினெட்டை நான்தான் பழக்கினேன். கண்ணைத் தாழ்த்தி, தரையைப் பார்த்து, மாஸ்க்குக்குள்ளேயே உதட்டைத் தட்டுவேன். துணி மட்டும் அசையும். தாய் நான்கு மாதத்தில் செய்ததற்கு மகளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. ஆனால் வந்தாள். அப்படிப் பதினேழு வருடம். கொரோனாவில் ஊரே மாஸ்க் மாட்டிக்கொண்டு திணறியபோது எனக்கு மட்டும் ஒன்றும் புதிதாக இல்லை. அந்த வருடம்தான் ஓய்வு பெற்றேன்.

இதெல்லாம் பாவம் இல்லையா என்று ரயிலில் கேட்பார்கள். பாவம்தான். போன வருடம் கவிதா பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது இரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து ஏற்றினார்கள். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த மருந்துக்கும் எங்கள் கூண்டுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டா என்று எனக்குத் தெரியாது. கவிதா உயிரோடு அந்தக் கட்டிலில் படுத்திருந்ததற்கும் ஒரு வீங்கிய இமைக்கும் தொடர்பு உண்டு. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்வாதி போன் செய்த மறுநாள் லேபுக்குப் போனேன். கையோடு புது எக்ஸ்ரே கொண்டுபோயிருந்தேன். ஃபார்ம் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்ற இடத்தில், 'பேரனுக்கு மூன்று நாளாகச் சளி' என்று எழுதினேன். ஸ்வாதி படித்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தாதான் எழுதணும் அங்கிள்." இருக்கட்டும்மா என்றேன்.

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கதவை இரண்டு முறை தட்டினேன். அறை முக்கால்வாசி காலி. நூற்றுப் பதினெட்டுக்கு முகம் சுருங்கிச் சிவந்திருந்தது, அந்த நடுவகிடு நரைத்திருந்தது. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்து உதட்டைத் தட்டினேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது, மறந்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் போனது. ஒரு கை வந்து தண்டைப் பிடித்தது. தண்டைக் கழற்றி, கூண்டு வாசலோடு சேர்த்து வைத்திருந்த பெட்டிக்குள் நீட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து போனாள்.

வண்டியில் ஏற்றினார்கள். வெட்டவெளி, அவள் கம்பிக் கதவுக்குப் பின்னால், நான் பத்தடி தள்ளி. இனி இவளைப் பார்க்கப் போவதில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை என் முகத்தைக் காட்டிவிடலாம் என்று ஆசை வந்துவிட்டது. ஸ்வாதியைக் கேட்டேன். "தூரமாதானே அங்கிள், பரவால்ல" என்றாள். மாஸ்க்கை இறக்கிவிட்டு உதட்டைத் தட்டினேன்.

நூற்றுப் பதினெட்டு புருவத்தைத் தூக்கி, வாயைப் பிளந்து, பல்லைக் காட்டிச் சீறினாள். யாரோ ஒரு கிழவன். பெட்டியின் பின்சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. மாஸ்க்கை மறுபடி ஏற்றிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பிப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது, பப்பப்பப்ப என்று.

வண்டி கேட்டைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் மறைந்து, சத்தமும் அடங்கும்வரை நான் மாஸ்க்கை இறக்கவில்லை.